தலைக்காயமும் இரண்டாவது படமும்: ஒரு வரலாற்று நோக்கு

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம் முன்னோர் மொழி. சித்த வைத்தியர் உடலிலுள்ள வர்மங்கள் 108 எனக் கணக்கிட்டு, அவற்றுள் 25ஐத் தலை முதற் கழுத்து வரையிலேயே வைத்தனர். வடமொழியிற் சுசுருதர் மர்மங்கள் 107 எனக் கொண்டு, அவற்றுள் 37ஐக் கழுத்திலும் அதற்கு மேலும் வைத்தார். எண்ணிக்கை வேறுபடினும் கருத்து ஒன்றே. தலையிற் படும் அடி உயிரைத் தொடும் அடியாகும் என்பதே அது. ஆயினும், வேறெந்தக் காயத்துக்கும் இல்லாத ஓர் இயல்பு தலைக்காயத்துக்கு உண்டு. கை முறிந்தால் அப்பொழுதே தெரியும். கால் வெட்டுண்டால் இரத்தமே சாட்சி சொல்லும். தலையில் அடிபட்டவனோ எழுந்து நிற்பான், பேசுவான், சிரிப்பான், தேநீர் அருந்துவான், சில மணி நேரங் கழித்து நினைவிழந்து வீழ்வான்.

இக்காலத்திலே தலையின் உள்ளே நிகழ்வதைக் காட்டுதற்குச் சீ.ரீ. ஸ்கான் என்னும் கருவி உண்டு. ஆகவே, இனி அச்சமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். முதற்படத்திற் பெருங் குற்றம் இல்லையெனின் கவலை தீர்ந்ததா? சில மணி நேரத்தின் பின் மறுபடியும் படம் எடுத்தல் வேண்டுமா? அஃது எல்லார்க்கும் வேண்டுமா, அன்றிச் சிலர்க்கு மட்டுமா? இவ்வினாக்களுக்கு மருத்துவ உலகம் கண்ட விடைகளை வரலாற்று முறையிலே நோக்குவதும், அவை ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் வாழும் நம் மக்களுக்கு எவ்வாறு பயன்படும் என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

யான் மருத்துவன் அல்லேன். வரலாறு கற்பிக்கும் ஆசிரியன். இவ்விடயத்தில் என்னை ஈடுபடுத்தியது ஒரு நிகழ்ச்சி. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் யான் புதிதாக நியமனம் பெற்றிருந்தேன். ஒருநாள் இடைவேளையில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் பாடசாலைக்குக் கீழேயிருந்த கொய்யா மரத்திலிருந்து வழுக்கி, கானின் ஓரத்துக் கல்லிலே நெற்றிப்பொட்டு மோத விழுந்தான். சில நொடிகள் அவன் கண் செருகிற்று. பின்னர் எழுந்து உட்கார்ந்தான். தன் பெயரும் ஊரும் சொன்னான். எங்களைப் பார்த்து நாணிச் சிரித்தான். மலையிற் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தாய் செய்தி கேட்டு ஓடிவந்தாள். “சேர், புள்ள நல்லாத்தான் பேசுறான். கொஞ்சம் படுத்தாச் சரியாயிரும்” என்றாள். யானும் அவ்வாறே எண்ணி, அவனை லயத்துக்கு அனுப்பிவைத்தேன். அனுப்பியவன் யானே; அதனை இன்றும் மறந்திலேன்.

மாலையில் அவன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். தந்தையும் அயலவரும் கம்பளியிற் கிடத்தித் தெருவுக்குத் தூக்கி வந்து, தோட்ட லொறியில் ஏற்றினர். யானும் உடன் சென்றேன். வைத்தியசாலையை அடைந்தபோது அவன் விழித்துப் பேசினான். படம் எடுத்தனர். நெற்றிப்பொட்டு எலும்பின் அடியிலே சிறிதளவு இரத்தம் கசிந்திருந்தது. அப்பொழுது சத்திரசிகிச்சை தேவையில்லை எனவும், அவனை விடுதியில் வைத்துப் பார்க்கவேண்டும் எனவும் கூறினர். அன்றிரவு தாதி ஒருவர் மணிக்கு ஒருமுறை அவனை எழுப்பிப் பெயரைக் கேட்டார். கண்களில் மின்சூளை அடித்துப் பார்த்தார். ஒரு தாளிற் குறித்துக்கொண்டார். ‘உறங்கும் பிள்ளையை ஏன் வருத்துகின்றார்’ என்று தந்தை மனம் நொந்தார். நள்ளிரவு கடந்தபின் அவன் பெயர் சொல்லவில்லை. ஒரு கண்ணின் பாவை மற்றதனினும் விரிந்திருந்தது. உடனே இரண்டாவது படம் எடுக்கப்பட்டது. ஐந்து மணி நேர இடைவெளியிலே அச்சிறு கசிவு பெரிய இரத்தக்கட்டியாய் வளர்ந்து மூளையை ஒருபுறமாகத் தள்ளியிருந்தது. அம்புலன்ஸ் வண்டியில் நரம்பியற் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கொண்டு செல்லப்பட்டுப் பையன் உயிர்பிழைத்தான்.

அவனைக் காத்தது எது? இரண்டாவது படமா? அப்படத்தை எடுக்கத் தூண்டிய தாதியின் தாளா? இவ்வினாவே என்னை நூலகங்களுக்கு அனுப்பிற்று.

பண்டைக்கால நோக்கு

தலைக்காயத்தைப் பற்றிய மிகப் பழைய மருத்துவ ஏடு எகிப்திலே கிடைத்தது. 1862ஆம் ஆண்டில் எட்வின் சிமித் என்பவர் லக்சோர் நகரில் விலைக்கு வாங்கியமையால், அது சிமித் பப்பிரசு என வழங்குகின்றது. ஏறக்குறைய கி.மு. 1600ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட இவ்வேட்டை ஆராய்ந்து, 1930இல் மொழிபெயர்ப்புடன் வெளியிட்டவர் பிரெஸ்ரெட் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞர். அதிற் கூறப்பட்ட நோயாளர் 48 பேர். முதல் 27 பேர் தலையிற் காயமுற்றோர். ஒவ்வொரு காயத்தையும் சோதித்தபின், மருத்துவன் மூன்று தீர்ப்புகளுள் ஒன்றை வழங்கவேண்டும் என்பது அவ்வேட்டின் முறை. யான் தீர்க்கத்தக்கது, யான் போராடிப் பார்க்கத்தக்கது, தீர்க்க இயலாதது என்பன அம்மூன்றுமாம். இவற்றுள் நடுத்தீர்ப்பே நம் கவனத்துக்குரியது. நோயாளி எப்பக்கம் சாய்வான் என்பது முதல் நோக்கிலே தெரியாதபோது, பொறுத்திருந்து மீண்டும் நோக்குதல் வேண்டும் என்னும் உணர்வு அத்துணைப் பழைமையானது.

கிரேக்கத்து ஹிப்போக்கிராட்டிசின் பெயரால் வழங்கும் நூல்களுள்ளும் தலைக்காயத்துக்கெனத் தனிநூல் ஒன்று உண்டு. ஆயினும், பேசியவன் ஏன் பின்னர் மயங்குகின்றான் என்னும் புதிருக்குத் தெளிவான விளக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலேதான் பிறந்தது. பிரான்சிய சத்திரசிகிச்சையாளர் சான் லூயி பெற்றீ (1674–1750), அடிபட்ட கணத்திலேயே உணர்விழத்தல் வேறு, சிறிது நேரங் கழித்து உணர்விழத்தல் வேறு எனப் பிரித்துக் காட்டினார். முன்னது மூளை குலுங்கியதால் வருவது. பின்னது உள்ளே தேங்கும் இரத்தம் மூளையை அழுத்துவதால் வருவது. இவ்விரண்டுக்கும் இடையே நோயாளி தெளிவாயிருக்கும் காலத்தைத் தெளிவிடைக்காலம் எனலாம். எம் மாணவன் நாணிச் சிரித்ததும் அக்காலத்திலேதான்.

இதன் காரணத்தை அறிதல் எளிது. நெற்றிப்பொட்டிலே மண்டையோடு மெல்லியது. அவ்வெலும்பின் உட்புறத்தை ஒட்டியே ஒரு நாடி ஓடுகின்றது. எலும்பு கீறுண்டால் அந்நாடியும் கிழிபடும். கசியும் இரத்தம் எலும்புக்கும் மூளையுறைக்கும் இடையிலே சிறிது சிறிதாகச் சேரும். மண்டையோடோ மூடிய பெட்டி. அதனுள்ளே மூளை, இரத்தம், மூளைத்தண்ணீர் ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன. ஒன்று பெருகின் மற்றையவை ஒதுங்கி இடங்கொடுத்தல் வேண்டும். இவ்வுண்மையை எடின்பரோ நகரத்து மொன்றோ 1783ஆம் ஆண்டிலும், கெலி 1824ஆம் ஆண்டிலும் எடுத்துரைத்தனர். இடங்கொடுக்கும் வரையில் நோயாளி நலமாகவே தோன்றுவான். இடம் தீர்ந்ததும் சரிவு மிக விரைவாக நேரும். இதனாலேயே மருத்துவர் கண்பாவையை நோக்குகின்றனர். இரத்தக்கட்டி இருக்கும் பக்கத்திலே கண்பாவை விரிதலை 1867இல் இலண்டன் நகரத்து ஜொனதன் ஹச்சின்சன் விளக்கினார். இன்றும் அவ்வடையாளத்துக்கு அவர் பெயரே வழங்குகின்றது.

படம் பிறந்த கதை

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், செருமானிய அறிஞர் றொஞ்சன் எக்ஸ்-கதிர்களைக் கண்டார். உயிருள்ள மனிதனின் எலும்பை வெட்டாமலே காணும் ஆற்றல் உலகுக்குக் கிட்டிற்று. ஆனால் மண்டையோடு கீறுண்டிருப்பதைக் காட்டிய எக்ஸ்-கதிர்ப்படம், அதனுள்ளிருக்கும் மூளையைக் காட்டவில்லை. பெட்டியின் வெடிப்புத் தெரிந்தது. பெட்டிக்குள் இருந்தது தெரியவில்லை. 1918இல் அமெரிக்கரான வோல்ற்றர் டாண்டி மூளையின் அறைகளிலே காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். 1927இல் போர்த்துக்கேயரான எகாஸ் மொனிஸ் கழுத்து நாடியில் மருந்தைச் செலுத்தி, மூளையின் இரத்தக்குழாய்களைப் படம்பிடித்தார். மூளை நடுவிடம் பெயர்ந்துள்ளதா என்பதை இம்முறைகளால் ஊகிக்கலாம். எனினும், அவை வேதனையும் இடரும் மிக்கவை. ஒரு நோயாளிக்கு ஒருமுறை செய்வதே அரிதாயிருக்க, மறுநாளும் செய்தல் எங்ஙனம்? ஆகவே, அக்காலத்து மருத்துவர் நோயாளியின் அருகிலிருந்து பலமுறை நோக்குவதையே நம்பினர். ஐயம் மிகுந்தால் மண்டையோட்டிலே துளையிட்டுப் பார்த்தனர்.

நம் பகுதியிலே இத்துறை வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆகும். 1949இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதலாவது நரம்பியற் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி அப்பணியை ஆரம்பித்தார். இலங்கையில் 1956ஆம் ஆண்டு ஷெல்ரன் கப்ரால் கொழும்பிலே இத்துறையைத் தொடக்கிவைத்தார். 1962ஆம் ஆண்டில் இந்தியக் கிரிக்கெற் அணித்தலைவர் நரி கொன்ராக்டர் பார்படோஸ் தீவிலே பந்து தலையிற் பட்டு மரணத்தின் விளிம்புக்குச் சென்றார். அவருக்கு இரத்தம் வழங்கியவர்களுள் எதிரணித் தலைவரான பிராங்க் வொறெல் ஒருவர் என்பதை விளையாட்டு உலகம் நன்றியுடன் நினைவுகூர்கின்றது. பின்னர் அவருடைய மண்டையோட்டில் உலோகத் தகடு பொருத்தியவர் மேற்கூறிய சாண்டி அவர்களே. அக்காலத்து நிபுணர்கள் ஸ்கான் இன்றியே இத்தகைய அருஞ்செயல்களைப் புரிந்தனர் என்பது நினைக்கத்தக்கது.

பெருமாற்றம் 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் நிகழ்ந்தது. இலண்டனில் அற்கின்சன் மோர்லி மருத்துவமனையிலே, இசைத்தட்டு வெளியீட்டாற் புகழ்பெற்ற ஈ.எம்.ஐ. நிறுவனத்துப் பொறியியலாளர் கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த கருவியால், முதன்முறையாக ஒரு நோயாளியின் மூளை படம்பிடிக்கப்பட்டது. எக்ஸ்-கதிர்கள் பல திசைகளிலிருந்து தலையை ஊடுருவ, கணினி அவற்றைக் கணித்து, மூளையைக் குறுக்கே அரிந்து வைத்தாற்போன்ற படங்களைத் தந்தது. இக்கணிதத்துக்கு முன்னரே வழிகண்ட கோர்மக் என்பவருக்கும் ஹவுன்ஸ்பீல்டுக்கும் 1979இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. புதிய இரத்தம் இப்படத்தில் வெண்மையாகத் தோன்றும். நோயாளிக்கு வேதனை இல்லை. ஆகவே, வேண்டும்போதெல்லாம் மறுபடியும் எடுக்கலாம் என்னும் நிலை வரலாற்றில் முதன்முறையாக உண்டாயிற்று. மறுபடம் என்னும் வினாவே அப்பொழுதுதான் பிறந்தது.

மனித நோக்கும் அதே காலத்தில் ஒழுங்குபெற்றது. 1974இல் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ரீஸ்டேலும் ஜெனெற்றும் கிளாஸ்கோ அளவுகோலை வெளியிட்டனர். கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6 என உச்சப் புள்ளிகள் வகுக்கப்பட்டன. முழுத்தெளிவுடையவர்க்கு 15, மிகத் தாழ்ந்த நிலை 3. ‘நோயாளி சற்று மந்தமாயிருக்கின்றார்’ என ஒருவர் கூற, மற்றொருவர் அதனை வேறாக விளங்கிக்கொள்ளும் குறை இதனால் நீங்கிற்று. பதுளையிலே ஒரு தாதி 13 என எழுதினால், கொழும்பிலுள்ள நிபுணருக்கு அதன் பொருள் விளங்கும். 1975இல் அதே நகரத்து அறிஞர்கள், அடிபட்டபின் பேசிய நிலையிலிருந்தும் மாண்டுபோனவர்களைப் பற்றி ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். பேசியவர் இறத்தல் என்பது, முதல் அடியே அவரைக் கொல்லவில்லை என்பதற்குச் சான்று. அவருட் சிலரையாயினும் காத்திருக்கலாம் என்பதே அதனாற் பெறப்படும் துயரமான உண்மை.

1981இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று, மூளையுறையின் அடியிலே இரத்தம் கட்டி உணர்விழந்த 82 பேரை நோக்கிற்று. நான்கு மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 30 பேர் மாண்டனர். அதற்குப் பின்னர்ப் பெற்றோருள் நூற்றுக்கு 90 பேர் மாண்டனர். பிற்கால ஆய்வுகள் எல்லாம் இத்துணைப் பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை எனினும், நேரமே உயிர் என்னும் கொள்கை மருத்துவர் மனத்திலே நிலைபெற இவ்வாய்வு காரணமாயிற்று.

மறுபடம் யாருக்கு?

இனி, நம் தலையாய வினாவுக்கு வருவோம். ஸ்கான் கருவி பரவிய பின்னர், செல்வமிக்க நாடுகளிலே முதற்படத்தில் இரத்தக்கசிவு கண்ட எல்லார்க்கும் சில மணி நேரத்துள் மறுபடம் எடுத்தல் பல வைத்தியசாலைகளில் வழக்கமாயிற்று. அதற்கு நியாயமும் உண்டு. படம் என்பது ஒரு கணத்தின் சாட்சி. காயமோ தொடர்ந்து நடைபெறும் நிகழ்ச்சி. 2002இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து அறிஞர்கள் வெளியிட்ட ஆய்விலே, விபத்து நிகழ்ந்து இரண்டு மணி நேரத்துக்குள் முதற்படம் எடுக்கப்பட்டோருள் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் இரத்தக்கசிவு பின்னர்ப் பெருகியிருந்தது. விரைந்து எடுத்த படம் நல்ல படமே. ஆயினும், விரைந்து எடுத்ததனாலேயே அது முடிவான படம் ஆகாது.

எனினும், படத்தில் மாற்றம் காணுதல் வேறு, அம்மாற்றத்தாற் சிகிச்சை மாறுதல் வேறு. சிறு காயமுற்றுத் தெளிவாகப் பேசி, நாழிகைக்கு நாழிகை தேறிவருபவர்க்கு வழக்கத்துக்காக எடுக்கப்படும் மறுபடம், சிகிச்சையை மாற்றுவது மிக அரிது என்பதைப் பல ஆய்வுகள் காட்டின. 2014இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து மருத்துவர்கள் ஒரு வரையறை வகுத்தனர். நோயாளரை மூன்று வகுப்பாக்கி, சிறு கசிவும் தெளிந்த அறிவும் உடைய முதல் வகுப்பினரைச் சில மணி நேரம் கவனித்தலே போதும் என்றனர். இரண்டாம் வகுப்பினரை விடுதியில் வைத்து நோக்குதல் போதும் என்றனர். மூன்றாம் வகுப்பினர்க்கே மறுபடத்தை விதியாக்கினர். ஸ்கானிற் கதிர்வீச்சும் உண்டு. தலைக்கு எடுக்கும் ஒரு படம், ஒரு மனிதன் இயற்கையிலிருந்து ஓராண்டிற் பெறும் கதிர்வீச்சுக்கு அண்ணளவாகச் சமம். வளர்ந்தோர்க்கு இது பெரிதன்று. சிறுவர்க்குக் காரணமின்றிப் பன்முறை எடுத்தல் தகாது.

ஆகவே, மறுபடம் பெரும்பயன் தருவது யார்க்கெனின், அறிவுத்தெளிவு குறைந்து செல்பவர்க்கு, தலைவலியும் வாந்தியும் மிகுபவர்க்கு, வலிப்புக் கண்டவர்க்கு, கைகால் சோர்பவர்க்கு, முதற்படத்திற் குறிப்பிடத்தக்க இரத்தக்கட்டி உள்ளவர்க்கு, இருதய வால்வு மாற்றப்பட்டு வார்பரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்தை உட்கொள்பவர்க்கு. உணர்விழந்து கிடப்பவர் மற்றொரு வகையினர். அவர் வாய்திறந்து தம் நிலையைச் சொல்ல இயலாமையால், அவர்க்காகப் படமே பேசவேண்டியுள்ளது.

இதற்கு அழகிய சான்று தென்னமெரிக்காவிலே உண்டு. பொலிவியா, எக்குவடோர் ஆகிய நாடுகளில் 324 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. அவருள் ஒரு பகுதியினர்க்கு மண்டையோட்டினுள் அழுத்தமானி வைத்துச் சிகிச்சை அளித்தனர். மறுபகுதியினர்க்கு அக்கருவி இல்லை. குறித்த நாள்களில் மறுபடமும், ஒழுங்காகச் செய்யப்பட்ட நேர்ச்சோதனையுமே வழிகாட்டின. முடிவில் இரு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே பயனைப் பெற்றனர். விலையுயர்ந்த கருவி இல்லாத இடத்திலும், ஒழுங்காக மீண்டும் மீண்டும் நோக்குதல் அதற்கு ஈடாகலாம் என்பதை மலைநாட்டவராகிய நாம் உள்ளத்திற் கொள்ளல் வேண்டும்.

கருவி இருந்தும் நேரம் தவறினால் விளையும் கேட்டுக்கும் சான்றுகள் உள. 1998 பெப்ரவரியில் இந்திய வீரர் ராமன் லம்பா டாக்கா நகரிலே தலைக்கவசமின்றி மட்டையாளருக்கு அண்மையில் நின்று களத்தடுப்புச் செய்தபோது பந்து நெற்றியிற் பட்டது. அவர் தாமே நடந்து வெளியேறினார். சிறிது நேரத்தில் நிலை மோசமாயிற்று. மூன்று நாள்களில் மாண்டார். 2009 மார்ச்சில் ஆங்கில நடிகை நடாஷா றிச்சட்சன் கனடாவிலே பனிச்சறுக்கற் பயிற்சியில் விழுந்தார். நலமாகவே பேசி முதலில் மருத்துவ உதவியை மறுத்தார். இரு நாள்களில் உயிர்நீத்தார். புகழோ பொருளோ தெளிவிடைக்காலத்தின் ஏமாற்றிலிருந்து காப்பதில்லை.

ஊவாவின் நிலை

1886ஆம் ஆண்டு தனி மாகாணமாக அமைந்த ஊவாவிலே, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளை, ஹல்துமுல்லை முதலிய பகுதிகளின் மலைச்சரிவுகளில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து வருகின்றனர். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென 1872இலேயே பிரித்தானிய அரசு ஒரு சட்டம் இயற்றிற்று. 1880, 1912 ஆகிய ஆண்டுகளிற் புதிய சட்டங்கள் தொடர்ந்தன. தோட்டந்தோறும் மருந்துச்சாலையும், வட்டாரந்தோறும் வைத்தியசாலையும் என்னும் ஏற்பாடு அவ்வாறு உருவாயிற்று. ஆயினும், அவ்வேற்பாடு பெரும்பாலும் காய்ச்சல், வயிற்றோட்டம், கொழுக்கிப்புழு முதலியவற்றை நோக்கியது. விழுந்தவனை விரைந்து கொண்டுசெல்லும் வழி அதில் இல்லை. 1924இல் பதுளைவரை புகையிரதம் வந்தது. தேயிலை கொழும்பை அடைய வழி எளிதாயிற்று. லயத்திலிருந்து தெருவுக்கு வரும் வழி மட்டும் ஒற்றையடிப் பாதையாகவே நின்றது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. உடைமை கைமாறினும் சரிவும் தூரமும் மாறவில்லை.

தலைக்காயத்துக்கு இங்கே காரணங்கள் பல. மரங்களிலிருந்து விழுதல், மழையில் வழுக்குதல், மலையிலிருந்து கல் உருளுதல், முச்சக்கரவண்டி கவிழ்தல் என்பன அன்றாட நிகழ்ச்சிகள். 2021 மார்ச் 20ஆம் நாள், லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட பஸ் ஒன்று பசறை 13ஆம் கட்டைப் பகுதியிலே பள்ளத்தில் வீழ்ந்து 14 பேர் மாண்டனர், பலர் காயமுற்றனர். அத்தகைய நாளில் ஒரே வேளையிற் பலரைச் சோதிக்கவேண்டிய வைத்தியர், முதலில் யாருக்குப் படம், யாருக்கு மறுபடம் என்று தீர்மானிக்க வேண்டியவராகின்றார். காரணமின்றி ஒருவர்க்கு எடுக்கும் படம், காரணமுள்ள மற்றொருவரின் நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

மறுபடம் என்பது நகரத்தவர்க்கு விடுதியிலிருந்து கீழ்மாடிக்குச் செல்லும் பயணம். மடுல்சீமையில் வாழ்பவர்க்கோ, வீடு திரும்பியபின் அது மீண்டும் ஒரு மலைப்பயணம். இரவிலே வண்டி கிடைப்பது அரிது. மழைக்காலத்தில் மண்சரிவு வழியை மறிக்கும். ஆகவே, வைத்தியர் ‘இன்றிரவு இங்கேயே நில்லுங்கள்’ என்று கூறினால், அதனை வீண் தாமதமெனக் கருதலாகாது. நாட்சம்பளம் போகும் என்றும், வீட்டிலே பிள்ளைகள் தனித்திருப்பர் என்றும் கூறித் தாமே பெயர் வெட்டிக்கொண்டு வருவோர் நம்மிற் பலர். அவர்களுடைய வறுமையை யான் அறிவேன். அவர்களைப் பழித்தல் என் கருத்தன்று. ஆனால், தூரத்தில் வாழ்பவர்க்கே வைத்தியசாலையில் தங்கி நோக்கப்படும் இரவு மிகவும் அவசியமானது.

நல்ல மாற்றங்களும் உண்டு. 2016இல் இந்திய அரசின் நன்கொடையுடன் தென்மேற்குப் பகுதிகளில் தொடங்கிய ‘1990’ சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை, 2018இல் ஊவாவுக்கும் விரிவாக்கப்பட்டது. கம்பளியிலே தூக்கிச் சென்ற காலத்தை நோக்க இது பெரும்பேறு. ஆயினும், அழைப்பதற்கு ஒருவர் வேண்டும். எப்பொழுது அழைப்பது என்பதை அவர் அறிந்திருத்தலும் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

பிரித்தானிய வழிகாட்டல்கள், தலையில் அடிபட்டு விடுதியில் வைக்கப்படுபவர் முழுத்தெளிவு பெற்றபின்னும் முதல் இரண்டு மணி நேரம் அரைமணிக்கு ஒருமுறையும், அடுத்த நான்கு மணி நேரம் மணிக்கு ஒருமுறையும், அதன்பின் இரண்டு மணிக்கு ஒருமுறையும் நோக்கப்படவேண்டும் என விதிக்கின்றன. ஸ்கான் தோன்றி அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் இவ்விதி நீங்காதிருப்பதே, கருவி மனித நோக்கை நீக்கவில்லை என்பதற்குச் சான்று. மறுபடத்தின் பயன் அதற்கு முன்னே நிகழும் மறுநோக்கிலே தங்கியுள்ளது. நோக்குவார் இல்லாதவிடத்து, மறுபடம் எடுக்கவேண்டிய வேளை எவருக்கும் தெரியாமலே கடந்துவிடும்.

ஆகவே, ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் சில கூற விழைகின்றேன். பிள்ளை தலையில் அடிபட்டால், அடிபட்ட நேரத்தைத் தாளில் எழுதுங்கள். வைத்தியர் முதலிற் கேட்பது அதுவே. சில நொடி நினைவிழந்தாலும், வாந்தி எடுத்தாலும், நிகழ்ந்ததை மறந்தாலும், தலைவலி வளர்ந்தாலும் வீட்டுக்கு அனுப்பாது வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். முதற்படம் நன்று எனக் கூறி வீட்டுக்கு அனுப்பினாலும், முதலிரவில் ஒருவர் உடனிருந்து இடையிடையே எழுப்பிப் பேசவைத்தல் நன்று. எழுப்பியும் எழாவிடின் அஃது உறக்கமன்று. வீட்டிலே தேறிவரும் பிள்ளைக்கு ‘இன்னொரு படம் எடுங்கள்’ என்று வைத்தியரை வற்புறுத்தவும் வேண்டா. மாறிவரும் பிள்ளையை ‘படம் நல்லதென்றார்களே’ என்று வைத்திருக்கவும் வேண்டா.

முதியோரைப் பற்றியும் ஒரு சொல். வயதானோர்க்கு மூளை சுருங்குவதால் உள்ளே இடம் மிகும்; இரத்தம் வாரக்கணக்கில் மெல்லச் சேர்ந்து, பின்னரே மறதியும் தள்ளாட்டமும் தோன்றும். வழுக்கி விழுந்து ஒரு மாதங் கழிந்தபின் தடுமாறும் பாட்டனை, வயதின் கோளாறு என ஒதுக்கலாகாது. அவ்வாறே, சம்பள நாளன்று விழுந்து கிடப்பவனைக் குடிவெறி என்று விலகிப் போதலும் கூடாது. மதுவின் மயக்கமும் இரத்தக்கட்டியின் மயக்கமும் பார்வைக்கு ஒன்றே.

அன்று உயிர்பிழைத்த மாணவன் இன்று குடும்பத்தவன். சென்ற ஆண்டு தன் மகனை முதலாம் வகுப்பிற் சேர்க்க அழைத்து வந்தான். நெற்றியின் ஓரத்திலே மயிர் மறைத்த தழும்பு இன்னும் உண்டு. “சேர், இவனும் மரம் ஏறுறவன்தான், பார்த்துக்குங்க” என்று சொல்லிச் சிரித்தான். என் மேசையிலே ஒரு பழைய குறிப்புப் புத்தகம் இருக்கின்றது. இருபது ஆண்டுகளாக எம் மாணவர் விழுந்த நாளும் நேரமும், பின்னர் அவர்களை நோக்கிய நேரங்களும் அதில் எழுதப்பட்டுள்ளன. பெரும்பாலான பக்கங்களிலே ‘நலம்’ என்பதன்றி வேறொன்றுமில்லை. அச்சொல்லை ஒருமுறை எழுதியதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பிள்ளைக்கும் சில மணி நேரம் விட்டு மறுபடியும் பார்த்து எழுதவேண்டும் என்பதே அந்த இரவு எனக்குக் கற்பித்த பாடம்.